குளிரை யார் சுமப்பது?

உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குப் படிக்க வரும் நம் தம்பி தங்கைகள் எங்களிடம் வாடகை பற்றிக் கேட்பார்கள், பகுதிநேர வேலை பற்றிக் கேட்பார்கள். ஜன்னலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் நவம்பர் முடிவதற்குள் அவர்களில் பலர் ஜன்னலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதனால் இந்தப் பதிவு முழுக்க ஜன்னலைப் பற்றியது. சாதியைப் பற்றி எழுதும் இடத்தில் ஜன்னலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சாதி தானாக வந்து சேரும்.

நாங்கள் ஐந்து பேர் தென்கிழக்கு லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். இருவர் முதுகலை மாணவர்கள். ஒருவர் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறார். இருவர் சமூகப் பணியாளர்கள். வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், ஆனால் ஐவரும் காலனிப் பிள்ளைகள். இந்த வீட்டுக்கு வருமுன் இந்தியர்கள் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களில் அறை தேடினோம். ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற வரி அங்கே சாதாரணம். அதைத் தாண்டிப் போனால் எந்த ஊர் என்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். நாங்கள் மறைக்காமல் சொல்வோம். அறை நேற்றே போய்விட்டதாகப் பதில் வரும். கடைசியில் கிடைத்தது இந்த வீடு. அக்கம்பக்கத்தை விட வாடகை குறைவு. ஏன் குறைவு என்பது அக்டோபரில் தெரிந்தது.

இங்குள்ள பழைய வீடுகளின் ஜன்னல் நம் ஊர் ஜன்னல்போல் கதவாகத் திறக்காது. இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழுமாக, ஒன்றுக்கு முன் ஒன்று நகரும்படி நிற்கும். சாஷ் ஜன்னல் என்பார்கள். இருபுறமும் நிலைக்குள் ஒரு மறைவுப் பெட்டி. அதற்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டு அல்லது ஈயக் குண்டு, மேலே ஒரு கப்பி. சட்டம் ஏறினால் குண்டு இறங்கும். கிணற்றில் இறைத்த கைக்கு இது உடனே புரியும். 1666 பெருந்தீக்குப் பிறகு, தீ வீட்டுக்கு வீடு பரவக்கூடாது என்பதற்காக, மரச்சட்டத்தைச் சுவரின் முகப்பிலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று 1709இல் லண்டனுக்குச் சட்டமே போட்டார்கள்.

சட்டம் நகர வேண்டுமானால் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி வழியாகவும், குண்டு தொங்கும் பெட்டி வழியாகவும், இரண்டு சட்டங்களும் நடுவில் சந்திக்கும் கட்டை வழியாகவும் காற்று உள்ளே வரும். கண்ணாடியோ ஒற்றை, சில மில்லிமீட்டர் கனம்தான். அறையின் சூடு அதன் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் பிரீபேமெண்ட் மீட்டர். காசு போட்டால் சூடு, தீர்ந்தால் குளிர். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து அடிக்கட்டையில் தேங்கும். ஜனவரியில் ஜன்னலோரச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. இரவுப் பணி பார்க்கும் தோழருக்கு ஆஸ்துமா. பகலில் தூங்க வேண்டியவர், பேருந்துச் சத்தத்துக்கும் இருமலுக்கும் நடுவில் படுத்துக் கிடந்தார்.

எடுத்துவிட்டு நவீன இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடுங்கள் என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டோம். எங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதி, முகப்பை மாற்ற கவுன்சில் விடாது, இது மரபு என்றார். மரபு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குச் சந்தேகம் வரும். கோயில் வாசலிலும் தேரோடும் வீதியிலும் நம்மைத் தடுக்க எடுத்து நீட்டப்பட்ட சொல் அல்லவா அது?

ஆனால் ஜன்னலைப் பொறுத்தவரை மரபின் பக்கமும் நியாயம் இருந்தது. இந்தச் சட்டங்கள் மெதுவாக வளர்ந்த மரத்தின் இறுகிய கட்டையில் செய்யப்பட்டவை. கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றலாம். அடிக்கட்டை உளுத்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு பொருத்தலாம். ஒரு தச்சர் போதும். நூறு ஆண்டுக்கு மேல் இப்படித்தான் அவை நின்றிருக்கின்றன. பிளாஸ்டிக் சட்ட ஜன்னல் கெட்டால் பெரும்பாலும் மொத்தமாகக் கழற்றிக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும். உழைப்பாளிகளின் கைவேலையைத் தூக்கி எறிய வேண்டும் என்று நாங்களும் விரும்பவில்லை. எங்கள் கேள்வி ஒன்றுதான்: தெருவில் போகிறவர் பார்த்து ரசிக்கும் அழகுக்கு, உள்ளே இருப்பவர் ஏன் நெஞ்சுச்சளியால் விலை கொடுக்க வேண்டும்?

இரண்டையும் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் செகண்டரி கிளேசிங். பழைய ஜன்னலைத் தொடாமல், அறையின் உள்பக்கமாக மெல்லிய சட்டத்தில் இரண்டாவது கண்ணாடி ஒன்றைப் பொருத்துவது. பிளாஸ்க்குக்கு இரண்டு சுவர் இருப்பதுபோல. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், பழைய ஜன்னல் அப்படியே இருக்கும். சூட்டுக்கு 20 மில்லிமீட்டர் இடைவெளி போதும். சத்தம் குறைய வேண்டுமானால் 100 மில்லிமீட்டராவது விட வேண்டும். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பழைய ஜன்னல்களை வைத்துச் சோதித்தார்கள். கனமான திரைச்சீலையே கண்ணாடி வழிச் சூட்டு இழப்பைச் சுமார் 40 சதவீதம் குறைத்தது. மூடிய மரக்கதவும் செகண்டரி கிளேசிங்கும் பாதிக்கு மேல் குறைத்தன.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்கண்ணாடி இறுக்கமாக மூட வேண்டும், வெளி ஜன்னல் கொஞ்சம் மூச்சுவிட வேண்டும். தலைகீழாகச் செய்தால், அறையின் ஈரம் நடு இடைவெளிக்குள் புகுந்து, குளிர்ந்த வெளிக்கண்ணாடியில் நீராகப் படிந்து, மரத்தை உளுக்க வைக்கும். முதலில் பழைய ஜன்னலைப் பழுது பார்க்க வேண்டும். பிறகுதான் இரண்டாவது கண்ணாடி.

உரிமையாளர் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் அனுப்பிய திட்டத்தில், படுக்கையறைகளுக்கு நகரும் கண்ணாடி, சமையலறைக்கு மட்டும் திறக்கவே முடியாத நிலைக்கண்ணாடி. ஏன் என்று கேட்டோம். பக்கத்து வீட்டார் வாசனை பற்றிக் குறை சொல்கிறார்களாம். கூடவே ஒரு வரி: பூஞ்சை வருவதற்குக் காரணமே நீங்கள் சமைக்கும் முறைதான்.

அவரும் இந்தியாவிலிருந்து வந்தவர். எங்கள் சாதியை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவைப்படவில்லை, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். கருவாடும் மாட்டுக்கறியும் எங்கள் வீட்டில் விசேஷமல்ல, ஞாயிற்றுக்கிழமைச் சோறு. அந்த வாசனையை வெளியே விடாமல் எங்களோடு சேர்த்து உள்ளே அடைப்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி. சேரியின் காற்று ஊருக்குள் வரக்கூடாது என்று திசை பார்த்துக் குடிவைத்தவர்களின் கணக்கு, அலுமினியச் சட்டத்தில் வந்து நின்றது.

குடியிருப்பவரின் மீதே பழியைப் போடுவது நம்மவர் கண்டுபிடிப்பு மட்டுமல்ல. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டில் படர்ந்த பூஞ்சையால் மூச்சுத்திணறி இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். திரும்பத் திரும்பப் புகார் செய்தார்கள். அவர்களுடைய வாழ்க்கைமுறை குறித்துத் தவறான ஊகங்கள் செய்துவிட்டதாக அந்தக் குடியிருப்பு நிறுவனமே பின்னால் ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான், ஈரமும் பூஞ்சையும் பற்றிய புகாரைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று, அந்தக் குழந்தையின் பெயராலேயே சமூகக் குடியிருப்புகளுக்குச் சட்டம் வந்தது. குளிப்பதும் சமைப்பதும் குற்றம் என்று சொல்லும் வாய், சுவரின் ஈரத்தைப் பார்ப்பதில்லை.

நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து பதில் எழுதினோம். கோபத்தை எழுதவில்லை, காரணங்களை எழுதினோம். ஒன்று, சமையலறையில் நீராவி அதிகம். திறக்காத ஜன்னல் பூஞ்சையைக் குறைக்காது, வளர்க்கும். இரண்டு, தீப்பிடித்தால் வெளியேறும் வழியை மறிப்பது ஆபத்து. மூன்று, கடுங்குளிரும் ஈரமும் வீட்டின் ஆபத்துகள் என்றே இங்கிலாந்தின் வீட்டுப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவை அழைத்து ஆய்வு செய்யச் சொல்ல எங்களுக்கு வழி உண்டு. மனிதர் வாழத் தகுந்ததாக வீடு இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டத்தையும் குறிப்பிட்டோம். சாதி என்ற சொல்லை எழுதுவதா என்று நெடுநேரம் பேசினோம். 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் வழி செய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டு, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. எங்கள் கையில் நிரூபணமாக இருந்தது வாசனை பற்றிய ஒரு வரி மட்டும். அதனால் அந்த வரியை அப்படியே எடுத்துப்போட்டு, இதன் பொருள் என்ன என்று எழுத்தில் கேட்டோம். பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து வேலையாட்கள் வந்தார்கள்.

வண்ணம் பூசிப் பூசி ஒட்டிக்கிடந்த சமையலறை ஜன்னலைச் சுரண்டி விடுவித்து, கயிறு மாற்றி, ஓரங்களில் தூரிகைப் பட்டை வைத்தார்கள். அதற்கு உள்பக்கம் திறக்கும் கண்ணாடி. படுக்கையறைகளுக்குப் பக்கவாட்டில் நகரும் கண்ணாடி. மாடியறை மட்டும் ‘அடுத்த ஆண்டு’ என்று நிற்கிறது. அங்கே பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி இறுக்கியிருக்கிறோம். இரவுப் பணித் தோழர் இப்போது பகலில் தூங்குகிறார்.

இந்த நாட்டில் ஜன்னலுக்கு வரியே இருந்தது. 1696இல் தொடங்கி 1851 வரை, வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எண்ணி வரி போட்டார்கள். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பெரிய குடியிருப்புகளை ஒரே வீடாகக் கணக்கிட்டதால், அவற்றின் உரிமையாளர்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வரி உரிமையாளருக்கு, இருட்டு குடியிருப்பவருக்கு. அடைத்த ஜன்னல்களை இன்றும் பழைய தெருக்களில் பார்க்கலாம். அதையும் மரபு என்றுதான் வழிகாட்டிகள் காட்டுகிறார்கள்.

நமக்கு இங்கே நெருக்கமான பழைய வீடு ஒன்றும் உண்டு. கிங் ஹென்றிஸ் ரோடு, 10ஆம் எண். லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் படித்த காலத்தில், 1921–22இல் அண்ணல் அம்பேத்கர் தங்கிய வீடு. அரைவயிற்றோடு இரவெல்லாம் படித்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 2015இல் மகாராஷ்டிர அரசு அதை வாங்கி நினைவகமாக்கியது. குடியிருப்பு இடம் குறைகிறது என்று உள்ளூர் கவுன்சில் அனுமதி மறுத்தது. கூட்டம் வருகிறது, இரைச்சல் கேட்கிறது என்று அக்கம்பக்கத்தார் சிலரும் எதிர்த்தார்கள். விசாரணை நடந்து, 2020 மார்ச்சில்தான் அமைச்சர் அனுமதி கொடுத்தார். இரைச்சல் தொல்லைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு கண்ணாடி போதும். வருகிறவர்களை நிறுத்துவது மருந்தல்ல.

வரப்போகும் தோழர்களுக்குச் சில குறிப்புகள். அறை பார்க்கப் போனால் ஜன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள். ஓரத்தில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். அடிக்கட்டையின் மூலையில் கறுப்பு இருந்தால் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். புகாரை எப்போதும் எழுத்தில் கொடுங்கள். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் எதையும் ஆணியடித்துப் பொருத்தாதீர்கள். காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடும், சுருங்கும் படலமும், கனமான திரையும் கழற்றிக்கொண்டு போகக்கூடியவை. பட்டியலிடப்பட்ட கட்டடமாக இருந்தால் உரிமையாளர் கவுன்சிலைக் கேட்டே செய்ய வேண்டும். சமையலறைக்குத் திறக்காத கண்ணாடி என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழையது என்பதற்காக எதையும் வணங்கவும் வேண்டாம், பழையது என்பதற்காகவே உடைக்கவும் வேண்டாம். சாதியையும் இப்படி உள்பக்கம் ஒரு கண்ணாடி வைத்துச் சமாளித்துக்கொள்ளலாமே என்று யாராவது கிளம்பினால், வீடு வேறு சாதி வேறு என்று சொல்லிவிடுங்கள். ஜன்னலைச் செய்தவர் வெளிச்சத்துக்காகச் செய்தார். சாதியைச் செய்தவர்கள் அடைப்பதற்காகவே செய்தார்கள். ஜன்னலைப் பழுது பார்க்கலாம், சாதியை ஒழிக்கத்தான் வேண்டும். எந்த மரபை யார் கொண்டு வந்து நீட்டினாலும், அதன் குளிர் யார் மேல் விழுகிறது என்று முதலில் கேளுங்கள்.

ஜெய் பீம்.