தல்லாகுளத்துக் காக்கிப் பிள்ளைகள்

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாக்ஷி அம்மனைத் தரிசித்துவிட்டு, புதுமண்டபத்தை ஒருமுறை சுற்றிவிட்டு ரயிலேறி விடுவதே வழக்கம். வைகையைத் தாண்டி வடகரையிலுள்ள தல்லாகுளத்துக்கு வருவோர் சிலரே. ஆனால், சித்திரையில் எதிர் சேவையன்று ஊரே அங்கேதான் திரண்டு நிற்கும். மலையிலிருந்து இறங்கி வரும் கள்ளழகர், தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு, மறுநாள் வைகைக்கு எழுந்தருளுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஜனசமுத்திரத்தில் நாமும் அகப்பட்டுக் கொண்டோம். முன்னே போகவும் வழியில்லை. பின்னே திரும்பவும் வழியில்லை. நம்முடன் வந்த அத்தைக்கு மூச்சுத் திணறிற்று. அச்சமயம் காக்கி உடுப்பணிந்த மாணவர் நாலைந்து பேர் கைகோத்து வேலிபோல் நின்று, "பாட்டி, இப்படி வாங்க" என்று வழி விட்டனர். அவர்களுடன் நின்ற பெண்ணொருத்தி தண்ணீர் கொடுத்தாள். அதட்டலில்லை, பிடித்துத் தள்ளுதலில்லை. இவர்களே தேசிய மாணவர் படையினர்.

ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946-ல் அமைந்த குழுவின் யோசனைப்படி, 1948-ல் சட்டமியற்றி நிறுவப்பட்டது இப்படை. மறு ஆண்டே பெண்கள் பிரிவும் தோன்றியது. அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, படம் பார்த்து வழியறிதல், முகாம் வாழ்க்கை, முதலுதவி யாவும் இதில் அடக்கம்.

கூட்டம் கலைந்தபின் பக்கத்திலுள்ள தமுக்கம் மாளிகைக்குச் சென்றோம். ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அம்மாளிகையில், 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட நாளில் மகாத்மா உடுத்தியிருந்த, குருதி தோய்ந்த ஆடையைக் கண்டதும் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. அஹிம்சையைப் போதித்தவரின் நாட்டில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்பிப்பது தகுமா?

வெளியே வந்தபோது, மர நிழலில் இளைப்பாறிக் கொண்டிருந்த மாணவன் ஒருவனிடம், "இதில் சேர்ந்தால் பட்டாளத்துக்குப் போயே ஆகவேண்டுமோ?" என்று வினவினோம்.

"கட்டாயமெல்லாம் இல்லைங்க ஐயா. விரும்பித்தான் சேர்ந்தேன்" என்றான்.

கட்டாயத்தையும் தேசம் சோதித்துப் பார்த்ததுண்டு. சீனப் படையெடுப்புக்குப் பின், 1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு இப்பயிற்சி கட்டாயமாயிற்று. 1968-ல் மீண்டும் அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டது. அதுவே சரியென்பது நம் எண்ணம். அச்சத்தால் வரும் ஒழுங்கு, அதிகாரி முதுகைத் திருப்பியதும் போய்விடும். தானே விரும்பி ஏற்ற கட்டுப்பாடோ, லக்ஷம் பேர் நெருக்கும்போதும் கோத்த கையை விடாது. காந்தியடிகள் தம் தொண்டர்களிடம் எதிர்பார்த்ததும் இத்தகைய கட்டுப்பாட்டையே அன்றோ?

அந்தக் கைகளில் துப்பாக்கி இருந்ததா என்று அத்தையைக் கேட்டோம். "நான் எங்கே அதைப் பார்த்தேன்? தண்ணீர்ச் செம்பைத்தான் பார்த்தேன்" என்றாள்.