கூடு இழந்த கடிகாரங்கள்

வேலூர் லாங்கு பஜாரில் எனக்குத் தெரிந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. உள்ளே பழைய பாக்கெட் வாட்சுகளின் மெஷின்கள். டயல் இருக்கும், முள் இருக்கும், கூடு இருக்காது. தங்கக் கூடு எங்கே போயிற்று என்று கேட்டால் சிரிக்கிறார். யார் வீட்டுப் பெண்ணின் கழுத்திலோ கம்மலிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அடகுக் கடையில் தராசில் வைக்குமுன் மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். கடைக்காரருக்கு அது வெறும் பித்தளை. நல்ல கூடு என்றால் 18 காரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு பொன். நம் 22 காரட்டில் செய்தால் கீலும் மூடியும் சீக்கிரம் நெளிந்துவிடும். இரண்டு மூடியைத் திறந்தால் உள்ளே மூன்றாவதாக ஒரு தூசி மூடி இருக்கும். அது பித்தளையாக இருந்தால், தங்கமல்ல என்று வாட்சைச் செய்த சுவிஸ்காரர்களே அதில் பொறித்திருப்பார்கள். அடகு பிடிப்பவருக்கு இதைவிட உதவியான தகவல் வேறில்லை.

ஆனால் வேலைப்பாடு முழுவதும் அந்தப் பித்தளையில்தான் இருக்கிறது. பேலன்ஸ் சக்கரம் நொடிக்கு ஐந்து முறை, மணிக்கு 18,000 முறை அடிக்கிறது. அச்சு தேயாமலிருக்க மாணிக்கக் கல்லில் துளையிட்டு அதில் உட்கார்த்தினார்கள். கல்லைத் துளையிடும் அந்த வித்தைக்கு 1704-ல் லண்டனில் உரிமை பெற்றவர்களில் ஒருவர், நிக்கோலா ஃபாசியோ என்ற சுவிஸ் கணிதர். திருகாணிகளைச் சூடாக்கி மயில்கழுத்து நீலத்துக்குக் கொண்டுவருவார்கள். சூடு ஒரு பிடி கூடினாலும் நிறம் வெளிறிவிடும். கூட்டை மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இத்தனை சிரத்தை! பொன்னின் விலை ஏற ஏற இந்த உழைப்புக்குத்தான் ஆபத்து. இரும்புக் கூட்டில் பிறந்திருந்தால் தப்பியிருக்கும்.

இதற்கு அத்தாட்சி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கிடைக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை லண்டன் சந்தைவரை அனுப்பிச் சம்பாதித்த முஸ்லிம் குடும்பங்கள் இங்கே பல. தங்கம் வாங்கப் பணம் இருந்தது. ஆனால் ஆண்கள் பொன் அணிவதை மார்க்கம் விலக்கியிருக்கிறது. அதனால் எனக்குப் பழக்கமான வீடுகளில் பாட்டனார் வாட்ச் என்று எடுத்துக் காட்டுவதெல்லாம் வெள்ளிக் கூடு, இல்லாவிட்டால் நிக்கல். உருக்கினால் பெரிதாக ஒன்றும் தேறாது என்பதால் யாரும் உருக்கவில்லை. சில டயல்களில் மெட்ராஸ் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் பெயர்கூட மங்காமல் இருக்கிறது. விலக்கு ஒரு கைவினையைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். காப்பாற்ற வேண்டும் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

தோல் வியாபாரிக்கு வாட்ச் வெறும் பகட்டும் அல்ல. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. சரக்கு ஏற்ற வண்டி நேரம் தெரியவேண்டும், ஐவேளைத் தொழுகைக்கும் நேரம் வேண்டும். அன்றைய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வந்தபோது அது ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் இருந்தது. எல்லோரும் முள்ளைத் தள்ளிவைக்க வேண்டியிருந்திருக்கும்.

தங்க வாட்ச் உருகாமல் மிஞ்சிய வீடுகளும் ஒன்றிரண்டு உண்டு. அங்கே வேறு தொல்லை. மூடியை டப்பென்று அடித்துச் சாத்துகிறார்கள். அப்படிச் சாத்தினால் கொக்கி படும் தங்க விளிம்பு தேய்ந்து, சில வருடங்களில் மூடி நிற்காது. மேலே உள்ள குமிழை அழுத்திப் பிடித்து, மூடியை வைத்து, பிறகு விடவேண்டும். ரிப்பேர்க்காரர் வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்கிறார். யாரும் கேட்பதில்லை. அந்தச் சத்தம் கேட்கத்தானே ஐயா எடுத்துப் பார்ப்பதே என்கிறார்களாம்.