சல்லடையில் சிக்கிய பசை

“கையை நீட்டுங்க தம்பி” என்றார் அண்ணன். என் பழைய புரோட்டோன் வீராவின் எண்ணெய்ச் சல்லடையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் கம்பி வலை. அதில் பாதிக்கு மேல் வெந்த சேமியாத் துண்டுகள்போலச் சாம்பல் நிற சிலிக்கோன் அப்பிக் கிடந்தது.

பந்திங் சுல்தான் அப்துல் சமாட் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய பட்டறை. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளின் இரைச்சல் அங்கேயும் கேட்கும். தோட்டத்து டிராக்டரில் தொழில் பழகியவர் அவர்.

மூன்று மாதத்துக்கு முன் வேறொரு பட்டறையில் எண்ணெய் ஒழுக்கை அடைத்துக் கொடுத்தார்கள். தரையில் சொட்டு விழவில்லை, எனக்கும் திருப்திதான். பிறகு ஒருநாள் மோரிப் போகும் வழியில் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு மினுங்கியது. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் தட்டத் தொடங்கிவிட்டது.

இந்த இன்ஜினில் எண்ணெய்த் தொட்டிக்குத் தனி கேஸ்கெட் இல்லை, சிலிக்கோன் பசைதான். கோடு நாலு மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். அள்ளிப் பூசினால், போல்ட்டை முடுக்கும்போது மிச்சம் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது அறுந்து விழுந்து, பம்பு உறிஞ்சும் வேகத்தில் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினுக்குள் பேரிங்குக்கும் அதில் சுழலும் தண்டுக்கும் நடுவே தலைமுடி நுழையாத இடைவெளி. சல்லடை அடைத்து அங்கே எண்ணெய் போகாவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். அண்ணன் காட்டிய பேரிங்கில் வெள்ளி நிறப் பூச்சு தேய்ந்து செம்பு பல்லிளித்தது. பசை பூசியவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவசரப்படுத்தியது நான், கோடு எவ்வளவு கனம் என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்களா என்பதும் சந்தேகம்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது தண்டைக் கடைந்து, புதுப் பேரிங் போட்டிருந்தார்கள். பழைய பசையை எடுக்க வேலைக்காரப் பையன் கிரைண்டரில் நார்த் தட்டை மாட்டினான். அண்ணன் பிளக்கையே பிடுங்கிவிட்டார். அந்தத் தட்டிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள் எண்ணெயில் கலந்து பேரிங்கை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் பட்டறைகளுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. பையன் பிளாஸ்டிக் சுரண்டியை எடுத்துக்கொண்டு குந்தினான். முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணன் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டிப் பார்த்து, இரண்டு இடத்தை மறுபடி சுரண்டச் சொன்னார்.

பிறகு பசைக் கோடு. போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக, கை எடுக்காமல் ஒரே சுற்று. பசை காய்வதற்குள் தொட்டியைத் தூக்கி மாட்டி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். நான் எண்ணெய் டின்னை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

“இன்னைக்கு ஊத்த மாட்டேன். பசை காயணும். நாளைக்குப் பசியாறிட்டு வாங்க.”