தலை உதிரும் குச்சிகள்

தீக்குச்சியில் பழுது தெரிகிற இடம் வேறு, அது உண்டான இடம் வேறு. உரசும்போது தலை உதிர்ந்து விழுந்தால் மருந்து முக்கியவர் மேல்தான் முதலில் சந்தேகம் போகும். அவர் முக்கிய மருந்து சரியாகவே இருந்திருக்கலாம். அதற்கு முந்தின மெழுகுத் தொட்டி ஆறிப்போய், குச்சிக்குள் இறங்க வேண்டிய மெழுகு நுனியில் தோலாகப் படிந்து மருந்தை ஒட்டவிடாமல் செய்திருக்கும். இன்னும் பின்னால் போனால் குச்சியே அரைக்காய்ச்சலாக வந்து இறங்கியிருக்கும். கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் பழுது பார்ப்பது என்பது இப்படி ஒவ்வொரு மேசையாகப் பின்னோக்கி நடப்பதுதான். கை வேலையை இயந்திரம் பாதி வாங்கிக்கொண்ட பிறகு அந்த நடை நீண்டுவிட்டது.

ஓட்டப்பிடாரத்திலிருந்து வடக்கே எட்டயபுரம், வடமேற்கே கோவில்பட்டி, அதைத் தாண்டிக் கழுகுமலை என்று கரிசல் விரிந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, பருத்தி, மக்காச்சோளம்; மாசிக்குப் பிறகு காட்டில் வேலை கிடையாது. மீதி மாதங்கள் வெயிலும் வறண்ட காற்றும்தான். பயிருக்கு ஆகாத அந்தக் காற்று தீக்குச்சிக்கு ஆகிவந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அந்தத் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி ஊர் ஊராக ஆபீஸ் முளைத்தது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு காலத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் விடியுமுன் பஸ் ஏறினார்கள். பூமணி எடுத்த ‘கருவேலம்பூக்கள்’ படம் அந்தக் காலத்தைப் பற்றியதுதான்.

முழுக் கைவேலை, பகுதி இயந்திரம், முழு இயந்திரம் என்று ஆபீஸ்கள் மூன்று வகை. கை வேலைப் பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்றிருந்த ஜிஎஸ்டி, 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12 என்று ஒன்றானது. இயந்திரம் வாங்கத் தயங்கியவர்களுக்கு இருந்த ஒரு காரணம் அதோடு போயிற்று. பகுதி இயந்திர ஆபீஸில் குச்சியைக் கட்டையில் அடுக்குவதும் மருந்தில் முக்குவதும் மோட்டார் ஓட்டத்தில் நடக்கும். காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பது கையில். பழுதைப் பற்றிப் படிக்க ஏற்ற இடம் இந்த நடுவகைதான். முழு இயந்திரத்தில் பழுது கண்ணில் படாமலே போய்விடும். முழுக் கைவேலையில் உண்டான இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

குச்சி உள்ளூர்ச் சரக்கு அல்ல. கேரளத்திலிருந்து மட்டி, பாலை போன்ற மென்மரங்கள் வருகின்றன. மரத்தைச் சுழலவிட்டு ஏடு ஏடாக உரித்து, அடுக்கி, நறுக்கிய குச்சி மூட்டையில் வந்து இறங்கும். மூட்டையைப் பிரித்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும். ரேகை குச்சியின் நீளத்தோடு ஓடுகிறதா, குறுக்காகச் சாய்கிறதா என்பது முதலாவது. சாய்ந்திருந்தால் உரசும் விரலின் அழுத்தத்திலேயே குச்சி ஒடியும். மருந்தில் எந்தக் குறையும் இருக்காது, வாங்கியவர் மட்டும் திட்டுவார். இரண்டாவது ஈரம். விரலால் வளைத்தால் முறியாமல் நெளிகிற குச்சி இன்னும் காயவில்லை, மறுபடி களத்தில் வெயிலுக்குப் போக வேண்டும். மூன்றாவது கனம், அடுத்த கட்டத்தில் பெரிய தொல்லை கொடுப்பது இதுதான்.

கையால் கட்டை அடுக்கியபோது, வரிப்பள்ளம் போட்ட மெல்லிய சட்டத்தில் ஒரு பெண் குச்சிகளை வரிசையாகப் பதித்து, மேலே அடுத்த சட்டத்தை வைத்து, அப்படியே அடுக்கி இறுக்குவார். கோணல் குச்சியும் ஒல்லிக் குச்சியும் அவர் விரலில் தட்டுப்பட்டவுடனே தரைக்குப் போய்விடும். எண்ணிப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல அது, விரல் தானாகத் தள்ளிவிடும். இயந்திரத்துக்கு அந்த விரல் இல்லை. தொட்டியில் கொட்டிய குச்சியைக் குலுக்கிக் குலுக்கி அது பள்ளத்தில் இறக்குகிறது. தடித்த குச்சி வழியை அடைத்துக்கொண்டால் அந்த வரிசை முழுவதும் வெறுமையாகப் போகும். ஒல்லிக் குச்சி பள்ளத்தில் தொளதொளவென்று நின்று, முக்கும்போது நழுவி மருந்துத் தட்டிலேயே விழும். கோணல் குச்சி பக்கத்துக் குச்சியின் மேல் சாய்ந்து, இரண்டு தலையும் ஒன்றாக ஒட்டி உறைந்துவிடும். புதிய இயந்திரத்தில் பழுது என்று பட்டறைக்காரரை வரவழைப்பவர்களில் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது சீராக நறுக்கிய குச்சி. குச்சியை மாற்றாமல் குலுக்கும் வேகத்தைக் கூட்டினால் நுனி நொறுங்குவதுதான் மிச்சம்.

இயந்திரத்தின் மேல் நியாயமாகச் சொல்லக்கூடிய குற்றமும் உண்டு. பள்ளங்கள் தேய்ந்து அகன்றாலும், கட்டையை இறுக்கும் திருகு இரு பக்கமும் ஒரே அளவாக இறுகாவிட்டாலும் குச்சிகள் ஒரே மட்டத்தில் நிற்காது. நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிக்குத் தலை பெரிதாகவும், உள்ளே இழுத்த குச்சிக்குச் சின்னதாகவும் வரும். ஒரே கட்டையின் ஒரு மூலையில் மட்டும் திரும்பத் திரும்ப இப்படி வந்தால் குற்றம் இயந்திரத்தில்; கட்டை முழுக்கச் சிதறலாக வந்தால் குச்சியில். பார்க்கத் தெரிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலைதான்.

அடுத்தது மெழுகு. தலை எரிந்து முடிவதற்குள் மரம் பிடித்துக்கொள்ள இடையில் ஓர் எரிபொருள் வேண்டும், அந்த வேலையைப் பாரஃபின் மெழுகு செய்கிறது. தலை சீறி எரிந்து குச்சி பற்றாமல் அணைந்தால் மெழுகு குறைவு, அல்லது போதிய உயரம் ஏறவில்லை. ஈரக் குச்சி மெழுகைக் குடிக்காது. தொட்டிச் சூடு குறைந்தாலும் மெழுகு உள்ளே இறங்காமல் வெளியில் பூச்சாக நின்றுவிடும், அதன்மேல் மருந்து பிடிக்காது. முக்கும் முன் குச்சி நுனியைச் சூட்டுப் பலகையில் ஒரு கணம் வைத்து எடுப்பது இதற்காகத்தான். மின்சாரம் போய் வந்த அரைமணி நேரத்தில் முக்கிய கட்டைகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லும் மேஸ்திரி தொழில் தெரிந்தவர்.

மருந்துதான் தொழிலின் உயிர்நாடி. பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், நிறமும் எடையும் தரும் சில பொடிகள், எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் வச்சிரப் பசை. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த வெடிபொருளுக்கு இந்தியாவில் 1992 முதல் தடை இருக்கிறது. அந்தத் தடையிலிருந்து விலக்குப் பெற்ற மிகச் சில பண்டங்களில் தீக்குச்சித் தலையும் ஒன்று. ஈரமாக இருக்கும்வரை கலவை சாதுவானது. ஓரத்தில் காய்ந்து பொருக்கு தட்டினால் உரசலே போதும். அதனால் தட்டின் விளிம்பில் காய்ந்ததைச் சுரண்டாமல் நனைத்துத் துடைப்பார்கள், தரையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள்.

இதில் வரும் பழுதுகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் பசையை வைத்தே சொல்லிவிடலாம். பசை மெதுவாகச் சூடேறிக் கரைய வேண்டும். கொதிக்கவிட்டால் ஒட்டும் பலம் போய்விடும். அந்த மருந்தில் முக்கிய தலை பார்வைக்கு மொழுமொழுவென்று நன்றாகவே இருக்கும். உரசும்போதுதான் பொடிந்து, எரிகிற துணுக்காகத் தெறிக்கும். சேலையில் ஓட்டை விழுவது இந்தக் குச்சியால்தான். மருந்து நீர்த்துப்போனால் தலை குச்சியோடு வழிந்து கண்ணீர்த் துளி வடிவில் உறையும். கெட்டியானால் தலை பெருத்துப் பக்கத்துத் தலையோடு சேரும். பொடி சரியாக அரைபடாமல் கரகரப்பாக இருந்தால் எரியும்போது வெடிச் சத்தமும் பொறியும் வரும். கையால் முக்கியவர் தட்டில் மருந்தைப் பரப்பும்போதே அதன் பதத்தை உணர்ந்து வெந்நீரோ மருந்தோ சேர்த்துக்கொள்வார். இயந்திரத்தில் தொட்டி நிறைய ஊற்றி உருளையைச் சுழலவிடுகிறார்கள். காலையில் ஊற்றியது மதியத்துக்குள் நீர் வற்றி இறுகும், தலைகளும் மணிக்கு மணி பருத்துக்கொண்டே வரும். காலைக் கட்டையையும் மதியக் கட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது.

காய்ச்சலிலும் இரு பக்கமும் ஆபத்துண்டு. சித்திரை வெயிலில் அனல் காற்று அடிக்கும்போது தலையின் மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வெளியேற வழி தேடித் தலையில் விரிசல் விடும். அடைமழையில் இதற்கு நேர்மாறு: பசை காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு தலை மெழுகு போலக் கிடக்கும், உரசினால் பற்றாமல் பெட்டியின் பக்கப் பட்டையில் தீற்றிக்கொள்ளும். வறட்சியை நம்பி வந்த தொழிலுக்கு ஆண்டில் இரண்டு மாதம் வானம் எதிரி. அப்போது காய்கிற அறையை அடைத்து, சூடான காற்றைச் செலுத்துவார்கள். வசதி இல்லாத ஆபீஸில் வேலையைக் குறைப்பார்கள், அல்லது குறைக்காமல் பின்னால் வருத்தப்படுவார்கள்.

பாதுகாப்புத் தீக்குச்சியின் சூட்சுமம் மருந்தை இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. 1844-இல் சுவீடன் நாட்டு வேதியியலர் பாஷ், பாஸ்பரஸைத் தலையிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்துக்குக் கொண்டுபோனார். இன்றும் சிவப்புப் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பசையும் கலந்த பக்க மருந்துதான் பெட்டியின் இரு ஓரத்திலும் பட்டையாகப் பூசப்படுகிறது. ஆகவே பற்றாத குச்சிக்கு எப்போதும் இரண்டு சந்தேகப் புள்ளிகள். புதுத் துப்பாக்கி சுடவில்லையென்றால் வேறு தோட்டாவைப் போட்டுப் பார்ப்பதைப் போல, இங்கே குச்சியையும் பெட்டியையும் மாற்றிப் பார்க்கிறார்கள். சந்தேகக் குச்சியை நல்ல பெட்டியிலும், நல்ல குச்சியைச் சந்தேகப் பெட்டியிலும் உரசினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். பட்டையில் பாஸ்பரஸ் நீர்த்திருந்தால் நான்கைந்து முறை உரச வேண்டியிருக்கும். மிகுந்திருந்தால் பட்டையே பொறி விட்டுக் கருகும். பசை குறைந்தால் பாதிப் பெட்டி தீருமுன் பட்டை உரிந்து அட்டை வெளுத்துவிடும். முதல் குச்சியை மட்டும் உரசிப் பார்த்துவிட்டு நல்ல பெட்டி என்று எழுதிவிடுவது சோம்பேறித்தனம். கடைசிக் குச்சிவரை பட்டை தாங்குகிறதா என்பதே கேள்வி.

இந்தப் பட்டையில்தான் விலையின் கையும் தெரிகிறது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2007-லிருந்து 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாகவே நின்று, 2021 டிசம்பர் 1-இல் இரண்டு ரூபாயானது. அந்த ஆண்டு சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய்க்குப் போனதாக உற்பத்தியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். 600 பெட்டி கொண்ட பண்டலின் ஆலை விலை 270–300 ரூபாயிலிருந்து 430–480 ஆயிற்று. விலையை உயர்த்த முடியாத ஆண்டுகளில் எங்கே கை வைக்கத் தோன்றும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். குச்சியின் தடிமனும் பட்டையின் மருந்தும் அமோனியம் பாஸ்பேட்டும்தான் முதலில் கண்ணில் படும். கடைசியாகச் சொன்னது, அணைந்த குச்சியின் நுனியில் கங்கு நிற்காமல் இருப்பதற்காகக் குச்சியை நனைக்கும் கரைசல். அதை விட்டுவிட்டால் கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஊதி அணைத்து எறிந்த குச்சி வைக்கோலில் விழும்போது தெரியும்.

எல்லாக் கட்டத்துப் பழுதும் கடைசியில் வந்து சேரும் இடம் அடைப்பு மேசை. காய்ந்த கட்டையைப் பிரித்துக் கொட்டிய குச்சிகளை ஒரு பிடி அள்ளி, தலைகளை ஒரு பக்கமாகத் தட்டிச் சமன் செய்து பெட்டிக்குள் தள்ளுவார்கள். எண்ணுவது கிடையாது, பிடியே அளவு. இரட்டைத் தலை, மொட்டைக் குச்சி, துளி வடிவத் தலை எல்லாம் அந்த ஒரு பிடிக்குள் அகப்பட்டுவிடும். “அண்ணாச்சி, நேத்து மத்தியானத்துக் கட்டைல தலை பூரா ஒட்டிக் கெடக்கு, வந்து பாருங்க” என்று ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து வேனில் வந்து இறங்கும் பெண் ஒருவர் சொன்னால், அதில் கிழமையும் நேரமும் பழுதின் வகையும் இருக்கிறது. மருந்துத் தொட்டிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அவருக்குக் கூலி அடைத்த பெட்டிக்கு. பழுதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்குக் காசு இல்லை, மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கும் இல்லை. கட்டை அடுக்கிய பெண்களின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, அவர்கள் சம்பளமில்லாமல் செய்துவந்த தரம் பார்த்தலும் சேர்ந்து போனது. அது இப்போது அடைப்பவரின் தலையில், அதுவும் சம்பளமில்லாமலே, விழுந்திருக்கிறது. ஒட்டிய தலையைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு அடுத்த பிடியை அள்ளுவதுதான் அவருக்கு லாபம். கழிவுக் குச்சியைத் தனியே நிறுத்து அதற்கும் ஒரு கூலி போட்டால் பழுதில் பாதி இந்த மேசையிலேயே நின்றுவிடும். பட்டறைக்காரருக்குக் கொடுக்கிற பணத்தைவிட அது குறைவாகத்தான் ஆகும்.

பொறுக்கிய கழிவைச் சேர்த்து வைக்கக் கூடாது. தலை உள்ள குச்சிகள் குவியலாகக் கிடந்து ஒன்றோடொன்று உரசினாலும், பக்க மருந்தின் தூசி அதில் கலந்தாலும் தீப்பிடிக்கும். அன்றன்றைய கழிவை அன்றே தண்ணீர்த் தொட்டியில் போட்டு, தலை கரையும்வரை ஊறவைத்து, கட்டடத்துக்குத் தள்ளி அப்புறப்படுத்துகிறார்கள். பெட்டி அடைத்து, பக்க மருந்து காய்ந்து, பண்டல் கட்டிய சரக்கு லாரியில் வடக்கே போகிறது. கரிசல் வெயிலில் முதல் உரசலில் பற்றிய குச்சி வங்காளத்து மழைக்காலத்தில் தீற்றிக்கொண்டு நிற்பதும் உண்டு. பண்டலின் மேல் தேதியும் மருந்துக் கலவையின் எண்ணும் குறித்திருந்தால், திரும்பி வரும் புகாரை எந்தத் தொட்டிக்கு, எந்த நாள் மதியத்துக்குக் கொண்டுபோவது என்று தெரியும். குறித்திராத ஆபீஸில் சரக்குக்குத் தள்ளுபடி கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்கள்.