அம்மாவின் கட்டைவிரல் நகம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

'நகமும் சதையும் போல' என்று நெருங்கிய உறவைச் சொல்வது நம் வழக்கம். அந்த நகமே இரண்டாகப் பிளந்துவிட்டால் என்ன செய்வது? சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இது.

என் அம்மா குபேர் அங்காடியில் பூக்கட்டுபவர். புதுவை மக்கள் இன்றும் 'பெரிய மார்க்கெட்' என்றே அதை அழைக்கிறார்கள். பூக்கட்டப் பூவும் நாரும் போதும் என்று நாம் நினைப்போம். நகமும் வேண்டும். காம்பைக் கிள்ளுவதும் முடிச்சை நகர்த்தி இறுக்குவதும் கட்டைவிரல் நகந்தான். நாள் முழுதும் ஈரப்பூவில் புழங்கும் கை. நகம் நீரை உறிஞ்சி ஊறும், இரவில் காய்ந்து சுருங்கும். இப்படி ஊறியும் காய்ந்தும் வலுவிழந்த நகம், ஒருநாள் நுனியிலிருந்து பாதிவரை நெடுக்காக வெடித்துவிட்டது. நல்ல வேளை, சதை கிழியவில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் நார் பிளவில் சிக்கி இழுத்தது.

ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு நான்கு நாள்களே இருந்தன. பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டு ஆளுநரே வடம்பிடித்துத் தொடங்கிவைக்கும் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் அன்றுதான். பூ விற்பவர்கள் ஆண்டு முழுதும் எதிர்பார்த்திருக்கும் நாள்.

"துணியைச் சுத்திக்கிட்டுக் கட்டிடுறேன். நீ காலேஜுக்குக் கிளம்பு" என்றார் அம்மா.

எனக்கு மனம் கேட்கவில்லை. நேரு வீதியில் ஓர் ஒப்பனை நிலையத்தில் விசாரித்தேன். செயற்கை நகம் பதிக்க அவர்கள் சொன்ன தொகை அம்மாவின் மூன்று நாள் வருமானம். திரும்பும் வழியில் ஒரு கடையில், எதையும் நொடியில் ஒட்டும் பசைக்குழாய் ஒன்றை வாங்கினேன். பிளவில் தடவி, வழிந்ததைப் பஞ்சால் துடைத்தேன். மறுநொடி அம்மா கையை உதறினார். பஞ்சு நெருப்பாய்ச் சுட்டது. விரலோரம் சிவந்துவிட்டது.

"பரவாயில்ல கண்ணு" என்றுதான் சொன்னார். படித்தவள் என்று என்னை நம்பி நீட்டிய கை அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் பேராசிரியையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, விளக்கினார். அந்தப் பசை சயனோஅக்ரிலேட். துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் குழுவினருக்கு 1942-இல் கிடைத்தது. எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறதென்று ஒதுக்கிய அதுவே 1958-இல் பசையாக விற்பனைக்கு வந்தது. சிறிதளவு ஈரம் பட்டாலே அதன் மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்துக் கெட்டியாகும். பஞ்சின் எண்ணற்ற இழைகளில் இவ்வினை ஒரேயடியாக நிகழ்ந்து வெப்பம் பொங்கும். 'வெப்ப உமிழ் வினை' என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்!

ஒப்பனை நிலையத்து அக்ரிலிக் நகத்தின் கதையையும் சொன்னார். 1950-களில் பிரெடெரிக் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உடைந்த தம் நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கால் சீர்செய்ததில் தொடங்கியதாம் அது. தொடக்கத்தில் பயன்பட்ட மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவம் பலருடைய நகத்தையும் தோலையும் கெடுக்கவே, 1970-களில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அதன்மீது நடவடிக்கை எடுத்தது.

விரலின் சிவப்பு அடங்கியபின் மறுபடி முயன்றேன். இம்முறை நகத்திற்கென்றே விற்கும் பசை. தேயிலைப் பையின் மெல்லிய தாளைப் பிளவின் அளவுக்கு வெட்டிக்கொண்டேன். நகத்தை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து நன்கு காயவைத்தேன். ஒரு துளி பசை, அதன்மேல் தாள், காய்ந்தபின் இன்னொரு துளி. தோலில் படாமல் வைத்தேன். இறுகியதும் நக அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். நார் சிக்காமல் ஓடியது. தேருக்கு முந்தைய இரவு அம்மா விடியும்வரை கட்டினார்.

ஆயினும் பேராசிரியை சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. நகம் கெரட்டின் என்ற புரதத்தாலான உயிரற்ற தகடு. வெடித்த இடம் ஒருபோதும் கூடாது. பசையும் தாளும் முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் மூங்கில் பத்தை போல. தாங்குமே தவிர ஆற்றாது. வேரிலிருந்து மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும் புதுநகந்தான் பழையதைத் தள்ள வேண்டும். அதுவரை பசையின் ஓரம் தூக்கினால் நீர் புகுந்து கிருமி தங்கும். பிய்த்தால் நகமும் சேர்ந்து உரியும். அசிட்டோன் கலந்த நீக்கியில் ஊறவைத்தே எடுக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் பழைய ஒட்டை எடுத்துப் புதிதாய் ஒட்டினேன். அம்மாவின் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை. கார்த்திகையில் பிளவின் கடைசிக் கீற்றும் நுனிக்கு வந்தது. நகவெட்டியால் அதை நறுக்கி எறிந்த அம்மா, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பஞ்சு ஏதும் வேணுமா கண்ணு?"