காலும் மாவும்

அத்தை வீட்டுப் பெட்டியில் ஒற்றை ஓலை ஒன்று இருக்கிறது. கொல்லம் 1040. அத்தையின் பூட்டிக்கு அவள் கணவன் எழுதிக் கொடுத்த உகந்துடைமை என்று வீட்டில் சொல்வார்கள். மருமக்கள்வழி நடந்த நாளில் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மனைவிக்கும் மக்களுக்கும் கிடைத்த பங்குக்கு அந்தப் பெயர். எவ்வளவு கிடைத்தது என்பதில்தான் சிக்கல். கோட்டை விதைப்பாட்டுக்கு முன்னால் நிற்கும் பின்ன எழுத்தின் இடப்பக்கத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. வ என்றால் கால். ப என்றால் மா, அதாவது இருபதில் ஒன்று. கோட்டைக்கு 21 மரக்கால். ஐந்தேகால் மரக்கால் விதைப்பாடா, ஒரு மரக்காலும் சொச்சமுமா என்பது ஒரு சுழியைப் பொறுத்தது.

அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளைத் தேடிப் படித்த கவிமணிதான் மருமக்கள்வழி மான்மியத்தையும் எழுதினார். அதன் அங்கதத்தைப் பற்றி நான் எழுதிவைத்திருந்த கட்டுரையில் இந்த ஓலையைக் கால் என்றே வாசித்து, ஒரு பத்தி முழுக்கத் தீர்ப்பும் வழங்கியிருந்தேன். அனுப்புவதற்கு முன்னால் கை கூசியது.

கைபேசியில் எடுத்துப் பார்த்தேன். அது விளிம்புகளைத் தானாகவே கூராக்கி, இல்லாத இடத்தில் ஒரு வளைவை ஊகித்துக் காட்டியது. கொஞ்சம் என்னைப்போலவே.

அப்பாவின் ஜெனிட் காமிரா பரணில் கிடந்தது. அதன் 58 மில்லிமீட்டர் ஹீலியோஸ் லென்ஸ் அரை மீட்டருக்குள் நெருங்காது. மாக்ரோ லென்ஸ் வாங்க என் சம்பளம் இடம் தராது. முதலில், லென்ஸின் முகத்தில் திருகும் நாலு டயாப்டர் கண்ணாடி. கால் மீட்டரில் குவிகிறது, ஆனால் ஓரத்து எழுத்துகள் கரைந்துபோகின்றன. பிறகு, லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம். மலிவானதுதான், ஆனால் பின்பக்கக் கண்ணாடி அம்மணமாக ஓலையைப் பார்த்து நிற்பது எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் 7, 14, 28 மில்லிமீட்டர் வளையங்கள் மூன்று கிடைத்தன. உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய். லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளிவைப்பது ஒன்றே அதன் வேலை. மூன்றையும் கோத்தால் 49, அதை 58ஆல் வகுத்தால் 0.84. ஏறத்தாழ எழுத்தின் சொந்த அளவிலேயே பிலிமில் விழும். இந்த லென்ஸில் துவாரத்தைக் கையால்தான் சுருக்க வேண்டும் என்பதால் வெறும் குழாயே போதுமாயிற்று. பழமை இங்கே அனுகூலம்.

ஒளிமானிதான் ஏமாற்றும். அது லென்ஸ் வழியே பார்ப்பதில்லை, குழாய் மாட்டியது அதற்குத் தெரியாது. 1.84இன் வர்க்கம், மூன்றரை மடங்கு வெளிச்சத்தை நாமே கூட்டிக் கொடுக்க வேண்டும். எஃப் 8இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஓலையின் வளைவு அதற்கு மேல். கண்ணாடி வைத்து அழுத்தினால் முறியும். எஃப் 16க்கு இறங்கினேன். குவியத்தைத் திருகிப் பயனில்லை, முக்காலிமேல் புத்தகங்களை அடுக்கிக் காமிராவையே முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது வெளிச்சம் வரும் திசை. எழுத்து மையில் இல்லை, எழுத்தாணியின் கீறலில் இருக்கிறது. கரி உதிர்ந்தாலும் பள்ளம் இருக்கும். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் பள்ளத்துக்கு நிழல் உண்டு. திண்ணையில் மாலை ஐந்து மணியிலிருந்து அரைமணி நேரம் எனக்குக் கிடைத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், 36 படங்கள். பிலிமைக் கழுவச் சென்னைக்கு அனுப்பினேன்.

நாலு படங்கள் தேறின. ஒன்றில், துளைக்கு மேலே, கரி போன ஒரு கீறல் நேராக எழுந்து நிற்கிறது. அந்தக் கையெழுத்தில் வகரத்தின் சுழி அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. அதே ஓலையில் வேறு ஒன்பது வகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மா. என் பத்தி போயிற்று, அதைப் பற்றி ஒன்றுமில்லை.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. பிரிண்டைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுபோனேன். சன்னல் பக்கமாகத் திருப்பிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"கால்னுதான் எங்கம்மை சொல்லுவா" என்றாள்.

"மாதான் அத்தை. இந்தக் கோட்டைப் பாருங்க."

"ஒரு மரக்கால் வெதப்பாட்டுலயா மக்கா அவ ஆறு பிள்ளையள வளத்தா?"

பிரிண்டை என்னிடம் திருப்பித் தரவில்லை.