கூப்பரேஜ் திடலை நோக்கி

செப்டம்பர் 4 வந்துவிட்டால், நம்மவருள் கால்பந்துப் பித்துக்கொண்ட முதியோருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. 1962-இல் அந்நாளில்தான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றது.

மாஹிமிலோ மாதுங்கா ரோடிலோ மின்ரயிலேறிச் சர்ச்கேட்டில் இறங்கினால், கூப்பரேஜ் திடல் நடந்தடையும் தொலைவே. 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைப் போட்டிகள் நெடுங்காலம் நிகழ்ந்த இடம் இது. ஜகார்த்தாவில் வென்ற சந்திரசேகர் கால்டெக்ஸ் குழுவினர். ஃபிராங்கோ டாட்டா குழுவினர். அவர்கள் இங்கு ஆடக் கண்ட கண்கள் இன்னும் சில உள. தலையில் தையலோடு ஆடிக் கோல் அடித்த ஜர்னைல் சிங்கை எவரும் புகழ்வர். கோல் காத்த தங்கராஜையும், செகந்திராபாத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பலராமையும் சொல்லும்போதுதான் நம் பெரியவர்களின் குரல் உயரும். இனப்பற்றுச் சற்று மிகுதிதான், இருக்கட்டுமே!

ரோவர்ஸ் கோப்பை நின்றுபோய் ஆண்டுகள் பல ஆயின. சந்திரசேகரும் ஃபிராங்கோவும் 2021-இலும், பலராம் 2023-இலும் மறைந்தனர். 2024-இல் வெளிவந்த ‘மைதான்’ திரைப்படத்தைப் பார்த்த பேரப்பிள்ளைகள், “தங்கராஜ் மெய்யாகவே அவ்வளவு உயரமா, தாத்தா?” என்று வினவுகின்றனர்.

“கோல் கம்பத்தின் மேற்கட்டையைக் குதியாமலே தொட்டுவிடுவார், அப்பா!” என்கிறார் தாத்தா, வேலிக்கு அப்பால் கைகாட்டி.